4.44-க்கு அப்பால்: டிப்ளமோ முடித்தபின் பி.டெக்.கா, பி.எஸ்சி. இயற்பியலா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் அவர் கடைக்குத்தான் வரும். அவருடைய மகள் செம்புக் கம்பிச் சுருள்களுக்கும் வார்னிஷ் வாசனைக்கும் நடுவில் வளர்ந்தவள். பத்தாம் வகுப்பு முடித்ததும் எலக்ட்ரிக்கல் டிப்ளமோவில் சேர்ந்தாள். இப்போது கடைசி செமஸ்டர். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, "சித்தப்பா, நான் பி.எஸ்சி. இயற்பியல் சேரலாமா?" என்று கேட்டாள். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று வருடம் படித்துவிட்டு மறுபடியும் முதல் வருடத்தில் போய் உட்காருவதா? லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் வருடம் பி.டெக். சேர்ந்தால் மூன்றே வருடத்தில் இன்ஜினியர் ஆகிவிடலாமே என்பது அவர் கேள்வி.

நான் அவளைப் போலவே டிப்ளமோ முடித்து, இரண்டு வருடம் வேலை பார்த்து, அதன்பிறகு பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருடத்தில் சேர்ந்தவன். இப்போது கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் அதே இயற்பியலைச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் எனக்குச் சாய்வு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அண்ணன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வேலந்தாவளத்திலிருந்து மீனாட்சிபுரம் வரை எல்லையோரத்தில் இருக்கும் எத்தனையோ வீடுகளில் ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி எழுகிறது. அவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

எது மேல் என்று பார்ப்பதற்கு முன், இரண்டு படிப்புகளும் ஒரே பொருளை எப்படிப் பார்க்கின்றன என்று பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்கிறேன். டிப்ளமோ எலக்ட்ரிக்கல் படித்த எவரும் அதன் மின்னழுத்தச் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: 4.44-ஐ அதிர்வெண்ணால் பெருக்கி, சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, உச்சக் காந்தப் பாயத்தால், அதாவது சுருளை ஊடுருவும் காந்தப்புலத்தின் மொத்த அளவால், பெருக்க வேண்டும். அந்த 4.44 எங்கிருந்து வந்தது? சராசரி மின்னழுத்தத்துக்கு 4, அதை ஃபார்ம் ஃபேக்டர் 1.11-ஆல் பெருக்கினால் 4.44 என்று வகுப்பில் எழுதிப் போட்டிருப்பார்கள். அந்த 1.11 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பல வகுப்புகளில் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

பி.டெக். இரண்டாம் வருடத்தில் இது தெளிவாகிவிடும். பாயம் சைன் அலையாக மாறுகிறது, அதை வகையிடு, உச்ச மதிப்பை 2-இன் வர்க்கமூலத்தால் வகு. 2π-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 4.4429. முடிந்தது. அதன்பிறகு பி.டெக். மாணவர் அந்த எண்ணைத் திரும்பிப் பார்க்க மாட்டார். இழப்பை எப்படிக் குறைப்பது, குளிரூட்டுவது எப்படி, சுமை ஏறினால் மின்னழுத்தம் எவ்வளவு இறங்கும், பழுது வந்தால் ரிலே எவ்வளவு நேரத்தில் துண்டிக்க வேண்டும் என்று அவர் கவனம் முன்னே போகும். போக வேண்டியதும் அப்படித்தான். நம் வீட்டு விளக்கு எரிவது அந்த உழைப்பால்.

இயற்பியல் மாணவர் பின்னால் போவார். பாயம் மாறினால் ஏன் மின்னழுத்தம் வர வேண்டும்? கம்பியே இல்லாத வெற்றிடத்திலும் மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்குமா? உண்டாக்கும், அங்கே மேக்ஸ்வெல் சமன்பாடுகள் வந்து நிற்கும். இன்னொன்று. இரும்பு மாறிமாறிக் காந்தமாவதால் வீணாகும் ஆற்றலை, அதாவது காந்தத் தயக்க இழப்பைக் கணக்கிட, உச்சப் பாய அடர்த்தியின் 1.6-ஆம் அடுக்கு என்று டிப்ளமோவில் ஒரு விதி படித்திருப்பார்கள். அது ஸ்டைன்மெட்ஸ் 1890-களின் தொடக்கத்தில் அளந்து பார்த்துச் சொன்ன எண். கோட்பாட்டிலிருந்து பிறந்தது அல்ல. இன்றைய எஃகுத் தகடுகளுக்கு அது மாறவும் செய்யும். அப்படியானால் இரும்புக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? டொமைன்கள் எனப்படும் நுண்ணிய காந்தப் பகுதிகள் திரும்புகின்றன, அவற்றின் எல்லைகள் நகர்கின்றன என்ற கருத்துக்கு அடிப்படை போட்டவர் பியர் வைஸ், 1907 வாக்கில். சரி, அந்தப் பகுதிக்குள் கோடிக்கணக்கான அணுக்கள் ஏன் ஒரே திசையில் நிற்கின்றன? பழைய இயற்பியலால் அதற்கு விடை சொல்லவே முடியவில்லை. 1928-இல் ஹைசன்பர்க் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டுதான் விளக்கினார். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம்கூட இதே கதைதான். காந்தமாகும்போது இரும்பின் நீளம் மிக நுண்ணிய அளவில் மாறும் என்பதை ஜூல் 1842-இல் கண்டார். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் தகடு இரண்டு முறை நீண்டு சுருங்குவதால் நமக்குக் கேட்பது 100 ஹெர்ட்ஸ் ஓசை.

அண்ணன் மகளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கண்ணைப் பார்த்தேன். பழுது பார்ப்பதைப் பற்றிப் பேசியபோது மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹைசன்பர்க் வந்ததும் நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டாள். என்னைப் பொறுத்தவரை முடிவின் முதல் பாதி அங்கேயே இருக்கிறது. கேள்வி முன்னே போகிறவரா, பின்னே போகிறவரா? முன்னே போகிறவரைப் பி.எஸ்சி.யில் கொண்டுபோய் உட்கார வைத்தால் மூன்று வருடமும் "இதெல்லாம் எதற்கு?" என்று மனம் வாடுவார். பின்னே போகிறவரைப் பி.டெக்.கில் தள்ளினால் தேர்வுகளில் தேறிவிடுவார், ஆனால் உள்ளே ஏதோ ஒன்று மூடிக்கொள்ளும். நான் இரண்டு வகைப் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேதனை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஏனென்றால் ஆர்வம் மட்டும் சேர்க்கைக் கடிதம் வாங்கித் தராது.

லேட்டரல் என்ட்ரிப் பாதை நன்றாகத் தார் போட்ட சாலை. மூன்று வருட டிப்ளமோவுக்கு அங்கே முழு மதிப்பு. கேரளத்தில் அம்மாநில அரசின் எல்.பி.எஸ். மையம் நடத்தும் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அதில் இடம் கிடைத்தால் அகத்தேத்தறையில் 1960-இல் தொடங்கிய என்.எஸ்.எஸ். பொறியியல் கல்லூரி, ஸ்ரீகிருஷ்ணபுரம் அரசுப் பொறியியல் கல்லூரி என்று பாலக்காடு மாவட்டத்துக்குள்ளேயே நல்ல இடங்கள் உண்டு. தமிழ்நாட்டில் டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு. கோவையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி உட்பட நல்ல கல்லூரிகள் பலவற்றில் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை நடக்கிறது. பத்தொன்பது வயதில் சேர்ந்தால் இருபத்திரண்டில் பட்டம். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் முதல் தனியார் வேலைவரை விண்ணப்பிக்கத் தகுதி. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குத் தெரியும். அண்ணனை நான் மறுத்துப் பேசாததற்கும் அதுதான் காரணம்.

பி.எஸ்சி.க்குப் போகும் பாதையில் முதல் மேடே தகுதிதான். அறிவியல் பட்டப்படிப்புக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும் என்பதே பொதுவான வரையறை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ என்பதைப் பிளஸ் டூவுக்கு இணையாக எடுத்துக்கொள்வதா, எந்தப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதியில் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. தேர்வுக்கு மூன்று வருட டிப்ளமோவைப் பிளஸ் டூவுக்கு நிகராக வெளிப்படையாக ஏற்கிறார்கள். ஆனால் பக்கத்து ஊர்க் கல்லூரியின் பி.எஸ்சி. இயற்பியலுக்கு அதே டிப்ளமோ போதாமல் போகலாம். இந்த முரண்பாட்டைப் பார்த்துக் கோபப்பட்டுப் பயனில்லை. எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சேர்ந்த முதல் கல்லூரியில் அலுவலகத்தில் இருந்தவர், "டிப்ளமோ போதும், தகுதிச் சான்றிதழ் பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்றார். நம்பிப் பணம் கட்டினேன். நான்கு மாதம் வகுப்புக்குப் போனேன். முதல் செமஸ்டர் தேர்வுக்குப் பெயர் அனுப்பும் நேரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து என் பெயர் மட்டும் திரும்பி வந்தது. ஒரு வருடம் போயிற்று. அம்மாவிடம் சொல்லமுடியாமல் இரண்டு வாரம் கல்லூரிக்குப் போவதுபோலக் கிளம்பி, உக்கடத்தில் இறங்கி நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு வாரம் யாருக்கும் வரக்கூடாது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, சேர விரும்பும் பல்கலைக்கழகத்திடமிருந்து தகுதிச் சான்றிதழோ இணைச் சான்றிதழோ கையில் இருக்க வேண்டும். கல்லூரி அலுவலகத்தின் வாய்வார்த்தை போதாது. துறைத்தலைவரின் வாய்வார்த்தையும் போதாது.

சான்றிதழ் கிடைக்காது என்று தெரிந்தால் பிளஸ் டூ எழுதிவிடுவதே நேர்வழி. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ்., வழியாக ஒரு மொழியுடன் சேர்த்து ஐந்து பாடங்கள் எடுத்து எழுதலாம். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் அதில் உண்டு, செய்முறைத் தேர்வும் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. கேரளத்தில் மாநிலத் திறந்தநிலைப் பள்ளியான ஸ்கோள் கேரளா வழியாகவும் மேல்நிலைக் கல்வி படிக்கலாம். நானும் கடைசியில் பிளஸ் டூ எழுதித்தான் உள்ளே போனேன். அப்போது அவமானமாக இருந்தது. என்னைவிட வயதில் சின்னப் பிள்ளைகளோடு தேர்வறையில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த ஒரு வருடம் பி.எஸ்சி.யில் என்னைக் காப்பாற்றியது. காரணம் சொல்கிறேன்.

டிப்ளமோ மாணவருக்கு இயற்பியல் வகுப்பில் சில இடங்களில் கால் உறுதியாக நிற்கும், சில இடங்களில் சேற்றில் புதையும். எலக்ட்ரானிக்ஸ் தாளும் ஆய்வகமும் அவருடைய சொந்த வீடு. மற்றவர்கள் மல்டிமீட்டரின் எந்த முனையை எங்கே வைப்பது என்று தடுமாறும்போது இவர் சுற்றை அமைத்து முடித்திருப்பார். கலப்பெண்கள் என்றால் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நோட்டுப்புத்தகத்து விளையாட்டு, ஏ.சி. சுற்றுகளில் ஃபேசர் எனும் அம்புக்குறிப் படத்தை வரைந்து வரைந்து பழகியவருக்கு அது கையில் தொட்ட பொருள். அதிர்வும் ஒத்ததிர்வும் வந்தால் சொல்லவே வேண்டாம்.

சேறு கணிதத்தில் இருக்கிறது. டிப்ளமோவில் தொகையீடு என்றால் சூத்திரப் பட்டியல், அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுவது. பி.எஸ்சி.யில் கணிதவழி இயற்பியல் என்று ஒரு தாள் வரும். வெக்டர் வகையிடல், வகைக்கெழுச் சமன்பாடுகள், ஃபூரியே தொடர் எல்லாம் நிரூபணத்தோடு. அதன்பிறகு லெக்ராஞ்ச் முறையில் இயக்கவியல், பிறகு குவாண்டம். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி ஏன் வருகிறது என்று சொல்லத் தெரியாவிட்டால் மதிப்பெண் வராது என்பது இருக்கட்டும், புரியவே புரியாது. இயற்பியலிலும் ஓட்டைகள் இருக்கும். மோட்டாரை மூன்று வருடம் படித்த எனக்கு ஒளியியலில் ஒன்றும் தெரியாது. அணுக்கரு என்ற சொல்லைப் பத்தாம் வகுப்புக்குப் பிறகு பி.எஸ்சி.யில்தான் மறுபடி கேட்டிருப்பேன், நடுவில் அந்தப் பிளஸ் டூ வராமல் இருந்திருந்தால். ஆகவே சான்றிதழ் கிடைத்து நேராகப் பி.எஸ்சி. சேர முடிந்தவர்களும், சேர்வதற்கு முந்தைய கோடையில் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் நுண்கணிதப் பகுதியை முழுவதும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கேரளப் பாடநூலோ தமிழ்நாட்டுப் பாடநூலோ, எதுவாக இருந்தாலும் சரி. அந்த மூன்று மாதத்தில் கணக்கு அலுத்துவிட்டால் அது நல்ல செய்திதான், பி.டெக். பக்கம் திரும்ப அப்போதும் நேரம் இருக்கும்.

எந்தப் பக்கத்துக் கல்லூரி என்பது எல்லையோரத்துக்கே உரிய கேள்வி. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடும் பொள்ளாச்சியும் கோவையும் பஸ்ஸில் போய் வரும் தூரம். கேரளப் பல்கலைக்கழகங்கள் 2024-இல் நான்கு வருட இளநிலைப் படிப்புக்கு மாறிவிட்டன. மூன்று வருடத்தில் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காவதும் படித்தால் ஆனர்ஸ். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் மூன்று வருடப் படிப்பே தொடர்கிறது. ஏற்கெனவே மூன்று வருடத்தை டிப்ளமோவில் செலவழித்தவருக்குத் தமிழ்நாட்டு மூன்று வருடம் சுலபமாகத் தோன்றும். எம்.எஸ்சி. வரை போவதாக இருந்தால் மொத்தக் கணக்கில் பெரிய வேறுபாடு வராது. கேரள முறையில் முதன்மைப் பாடத்தோடு துணைப் பாடத்தையும் மாணவரே தேர்ந்தெடுக்கலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இயற்பியலோடு கணிதம் எடுத்தால் ஓட்டையை அடைக்க உதவும்.

மொழியையும் யோசிக்க வேண்டும். சித்தூர்த் தாலுகாப் பிள்ளைகள் பலர் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு படித்தவர்கள். பாலக்காட்டில் 1866-இல் பள்ளியாகத் தொடங்கிய விக்டோரியா கல்லூரியானாலும் சரி, 1947-இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியானாலும் சரி, பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் பெரும்பாலும் மலையாளத்தில். நம் பிள்ளைகளுக்கு மலையாளம் காதுக்குப் பழகியதுதான், ஆனாலும் சந்தேகம் கேட்கும்போது நாக்கு ஒரு நொடி தயங்கும். சித்தூரில் தமிழ்த்துறையே இருப்பதால் அங்கே அந்தத் தயக்கம் குறைவு. பொள்ளாச்சி என்.ஜி.எம். கல்லூரியிலோ கோவை அரசுக் கலைக் கல்லூரியிலோ அந்தக் கவலையே இல்லை.

ஆனால் எல்லையைத் தாண்டினால் வேறொன்று கையைவிட்டுப் போகும். ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றும் கேரளத்தில் இருந்தால் தமிழ்நாட்டில் நாம் வெளிமாநிலத்தவர். வீட்டில் பேசுவது தமிழ், கும்பிடும் சாமி தமிழ்ச்சாமி என்றெல்லாம் கலந்தாய்வில் கணக்கில் வராது. சாதிச் சான்றிதழும் எல்லை தாண்டாது. ஒரு மாநிலத்தின் பட்டியலினத் தகுதி, குடிபெயர்ந்து போகும் இன்னொரு மாநிலத்தில் தானாகச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. இட ஒதுக்கீட்டையும் அரசு உதவித்தொகையையும் நம்பிப் படிக்கும் குடும்பத்துக்கு இது உயிர்நாடியான விஷயம். அவர்களுக்கு என் ஆலோசனை, சொந்த மாநிலத்திலேயே சேருங்கள் என்பதுதான். பஸ் தூரத்தைப் பார்த்து முடிவெடுத்துவிட்டுப் பிறகு கண்ணீர் விட்டவர்களை அறிவேன்.

வேலை என்று வந்தால், பி.எஸ்சி. மட்டும் முடித்து நிற்பது டிப்ளமோவைவிட மேலான நிலை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ரயில்வேயிலும் மத்திய அரசுத் துறைகளிலும் ஜூனியர் இன்ஜினியர் வேலை டிப்ளமோவுக்கே கிடைக்கிறது. கேரள மின்வாரியத்தின் சப் இன்ஜினியர் பணிக்கும் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ போதும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உதவித்தொகைப் பயிற்சியாளர் முதல் பிரிவுக்கு டிப்ளமோ படித்தவரும் பி.எஸ்சி. படித்தவரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நிற்கிறார்கள். இஸ்ரோவில் டிப்ளமோவுக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட், பி.எஸ்சி.க்கு சயின்டிஃபிக் அசிஸ்டென்ட். அதாவது வேலைக்காக மட்டும் பி.எஸ்சி. என்றால், ஏற்கெனவே கையில் இருக்கும் சாவிக்கு மூன்று வருடம் செலவழித்து இன்னொரு பிரதி செய்துகொள்வதுதான்.

பி.எஸ்சி.யின் பலன் எம்.எஸ்சி.யோடு சேர்ந்துதான் வரும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு இருக்கிறது. அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி 1957 முதல் இயங்குகிறது; அங்கே அறிவியல் அதிகாரியாகச் சேர பி.டெக். பட்டதாரிகளும் எம்.எஸ்சி. பட்டதாரிகளும் வரலாம். ஆசிரியப் பணி வேண்டுமென்றால் பி.எட். சேர்த்துப் படிக்க வேண்டும். கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை எடுக்க அம்மாநிலத் தேர்வாணையம் தனியாக அறிவிப்பு விடுவதுண்டு. தமிழில் இயற்பியலைச் சொல்லித்தரத் தெரிந்த, எல்லைக்கு அந்தப்பக்கத்துப் பட்டதாரிக்கு அது சொந்த இடம். சித்தூர்ப் பக்கத்துப் பள்ளியில் ஒரு குழந்தைக்குத் தன் மொழியில் ஃபாரடே விதியைச் சொல்லித்தர ஆள் வேண்டும் அல்லவா? அண்ணன் மகளிடம் இதையும் சொன்னேன். அவளுக்கு அது பெரிய ஆசையாகத் தோன்றவில்லை. பரவாயில்லை, பத்தொன்பது வயது.

விண்ணப்பப் படிவங்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான அறிவிப்புகள் 10+2+3 என்ற வரிசையைக் கணக்கில் வைத்து எழுதப்படுகின்றன. டிப்ளமோவிலிருந்து நேராகப் போனவருடையது 10+3+3. எம்.எஸ்சி., பி.எட்., அரசுப்பணி என்று எதற்கு விண்ணப்பித்தாலும் அந்த வரியைப் படித்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். நடுவில் பிளஸ் டூ எழுதியவருக்கு இந்தத் தலைவலி வாழ்நாள் முழுவதும் இல்லை. ஒரு வருடம் போகிறதே என்று தயங்குகிறவர்கள் இதையும் தராசில் வைத்துப் பார்க்கட்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. பி.டெக். படித்துவிட்டு அறிவியலுக்குத் திரும்புவது. சி.எஸ்.ஐ.ஆர். ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வை பி.டெக். பட்டதாரிகளும் எழுதலாம். இயற்பியல் முனைவர் படிப்புக்கான ஜெஸ்ட் தேர்விலும் சில நிறுவனங்கள் பி.டெக். முடித்தவரை ஏற்கின்றன. குடும்பம் தாங்காது, ஆனால் மனம் கேட்காது என்ற நிலையில் இருப்பவருக்கு இது உண்மையான வழி. ஆனால் பி.டெக். வேலைப்பளுவுக்கு நடுவே குவாண்டம் இயக்கவியலைத் தனியாகப் படிக்க அசாத்தியப் பிடிவாதம் வேண்டும். லேட்டரலில் வருகிறவர்களுக்கு முதல் வருடக் கணிதத்தை ஈடுகட்டும் சுமையும் சேர்ந்துகொள்ளும்.

உடனே சம்பாதித்தே ஆக வேண்டியவர்களுக்கு: பாலக்காட்டுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டிலோ கோவையிலோ வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். கோவைப் பொறியியல் கல்லூரிகளில் டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவருக்கென்றே மாலை நேரப் பகுதிநேர பி.இ. உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டம் டிப்ளமோ முடித்தவரையும் ஏற்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. பாடம் இணையத்தில், தேர்வு நேரில். நல்ல படிப்பு, கண்டிப்பான படிப்பு. இயற்பியல் மட்டும் அதில் இல்லை. பொறியியல் பட்டத்துக்கு நிகராக ஒரு காலத்தில் ஏற்கப்பட்ட ஏ.எம்.ஐ.இ. தேர்வுகளைப் படித்தால் போதும் என்று இன்னும் சில பெரியவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். 2013 மே 31-க்குள் பதிவு செய்தவர்களோடு அதற்கான பழைய அங்கீகாரம் நின்றுவிட்டது. தொலைநிலையில் பி.எஸ்சி. இயற்பியலை நான் பரிந்துரைக்க மாட்டேன். இக்னோ போன்றவற்றில் செய்முறைகளைச் சில நாள்களில் மொத்தமாக முடித்துவிடுவார்கள். ஆய்வகத்தில் ஒரு அளவீடு தவறி, ஏன் தவறியது என்று அடுத்த வாரம்வரை மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் அனுபவம் அதில் கிடைக்காது. டிப்ளமோ மாணவரின் மிகப் பெரிய பலமே கை. அதற்கு வேலை இல்லாத இடத்தில் அவர் ஏன் படிக்க வேண்டும்?

அண்ணனிடம் நான் பேசியது கடையில், அவர் ஒரு மோட்டாரின் ஸ்டேட்டருக்குள், அதாவது அதன் சுழலாத பகுதிக்குள், காயில் இறக்கிக்கொண்டிருந்தபோது. லேட்டரல் நுழைவுத்தேர்வை அவள் எழுதட்டும் என்றேன். அந்தத் தேர்வுக்குப் படிக்கும் கணிதம் எந்தப்பக்கம் போனாலும் வீணாகாது. அதோடு சேர்த்து, டிப்ளமோ மதிப்பெண் பட்டியல்களையும் பாடத்திட்ட நகலையும் வைத்துப் பல்கலைக்கழகத்தில் தகுதிச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பிக்கட்டும். குடும்பத்தின் இட ஒதுக்கீடு கேரளத்தில் இருப்பதால் முதல் விண்ணப்பம் கேரளப் பக்கம், விக்டோரியாவுக்கும் சித்தூருக்கும். சான்றிதழ் வராவிட்டால் என்.ஐ.ஓ.எஸ்.; அந்த ஒரு வருடம் காலையில் கடையில் வைண்டிங் கணக்கு எழுதட்டும், மாலையில் படிக்கட்டும். எம்.எஸ்சி. வரை ஐந்து ஆறு வருடம் தாங்குவேன் என்று அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடிந்தால் மட்டுமே இந்தப் பாதை. முடியாதென்றால் பி.டெக். சேரட்டும், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. காயிலை இறக்கி முடித்து, மூங்கில் ஆப்பைத் தட்டிச் சொருகி, மெக்கர் வைத்துக் காப்புத் தடையைச் சோதித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "அந்தச் சான்றிதழுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதிக் கொடு, திங்கட்கிழமை பாலிடெக்னிக் அலுவலகத்துக்கு நானும் வருகிறேன்" என்றார். பாடத்திட்ட நகலில் முதல்வரின் கையொப்பமும் முத்திரையும் எல்லாப் பக்கத்திலும் இருக்க வேண்டும் என்று மட்டும் நான் சேர்த்துச் சொன்னேன்.